பட்டம் வாய்க்கா, கைக்கா?

‘நிலைபேறான அபிவிருத்தி’ என்ற சொற்றொடர் இன்று பல்கலைக்கழகம் செல்லும் நமது பிள்ளைகளின் வாயில் சர்வசாதாரணமாகப் புழங்குகின்றது. வர்த்தகம் படிக்கும் பிள்ளையும் சொல்கிறது, பொறியியல் படிக்கும் பிள்ளையும் சொல்கிறது. அரபு மொழியும் இஸ்லாமிய நாகரிகமும் படிக்கும் பிள்ளைகூட அதுபற்றி ஓர் ஒப்படை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நோர்வேயின் பிரதமராக இருந்த புருண்ட்லாண்ட் அம்மையாரின் தலைமையில் 1987ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபைக்குச் சமர்ப்பிக்கப்பட்ட அறிக்கையின் பின்னரே இச்சொல் உலகெங்கும் பரவியது. இன்றைய தேவையை நிறைவேற்றிக் கொள்வது, ஆனால் நாளை பிறக்கவிருக்கும் பிள்ளையின் பங்கில் கை வைக்காதிருப்பது என்பதுதான் அதன் சாரம். நமது வயல் ஊர்களுக்கு இது விளங்காத தத்துவமல்ல. விதை நெல்லை அவித்துச் சாப்பிட்டவனை எவரும் புத்திசாலி என்று சொன்னதில்லை.

ஆகவே சொல் விளங்குகிறதா என்பதல்ல கேள்வி. மூன்று, நான்கு வருடங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்துவிட்டு வரும் பிள்ளையின் மனப்போக்கிலும் நடத்தையிலும் அது என்ன மாற்றத்தை உண்டுபண்ணுகிறது என்பதுதான் கேள்வி. எங்கள் ஊர்த் தாய் ஒருவர் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: “மௌலவி, மகன் கம்பஸ்ல இருந்து வந்தா பூமி சூடாகுது, கடல் மட்டம் கூடுது எண்டு மணிக்கணக்கில கதைக்கிறான். கேக்கப் பெருமையாத்தான் இரிக்கி. ஆனா தண்ணி மோட்டர் ஓடினபடி ஓடும், ஓப் பண்ண அவனுக்கு நெனவு வராது. லைட்ட அணைக்கிறதும் நான்தான்.”

அவர் புகாராகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆயினும் கல்வியியலாளர்கள் பல்லாண்டுகளாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும் பிரச்சினை இதுவேதான். சூழல் பற்றிய அறிவைக் கொடுத்தால் மனப்பாங்கு மாறும், மனப்பாங்கு மாறினால் நடத்தை தானாக மாறும் என்று 1970களில் நம்பியிருந்தார்கள். அந்த நேர்கோடு நடைமுறையில் அவ்வாறு ஓடவில்லை. கொல்முஸ், அக்யமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002ஆம் ஆண்டு எழுதிய ஒரு கட்டுரை இத்துறையில் மிகவும் பேசப்படுவது. சூழலைப் பற்றி அறிந்திருப்பவர், அதில் அக்கறையும் கொண்டிருப்பவர், ஏன் அதற்கேற்ப நடப்பதில்லை என்று அதுவரை வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் அவர்கள் திரட்டிப் பார்த்தார்கள். அறிவு என்பது பல காரணிகளுள் ஒன்று மாத்திரமே. பழக்கம், வசதி, செலவு, சுற்றியிருப்பவர் என்ன செய்கிறார் என்பதெல்லாம் அதை மிகைத்து விடுகின்றன. மதரஸாவில் எங்களுக்கு ஓதித் தந்த உஸ்தாத்மார் இல்மையும் அமலையும் எப்போதும் ஒரே மூச்சில் சேர்த்தே சொன்னார்கள். இரண்டுக்குமிடையில் உள்ள தூரம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1977ஆம் ஆண்டு ஜோர்ஜியாவின் திபிலிசி நகரில் யுனெஸ்கோ நடத்திய மாநாடு சூழற் கல்விக்கு ஐந்து நோக்கங்களை வகுத்தது. விழிப்புணர்வு, அறிவு, மனப்பாங்கு, திறன், பங்கேற்பு. நமது பல்கலைக்கழகப் பரீட்சை இவற்றுள் எதுவரை போகிறது? இரண்டாவது வரை. “நிலைபேறான அபிவிருத்தியை வரைவிலக்கணப்படுத்துக” என்று கேள்வி வருகிறது. மேல் வகுப்பு மாணவரிடமிருந்து கைமாறி வந்த நோட்ஸைப் பாடமாக்கி எழுதினால் புள்ளி கிடைக்கிறது. அந்த நோட்ஸைப் போட்டோப் பிரதி எடுக்கும்போது ஒரு பக்கத்தில் மாத்திரம் அச்சடித்து மறுபக்கத்தை வெறுமையாக விட்டிருப்பதை எவரும் கவனிப்பதில்லை.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பல்கலைக்கழகம் பிள்ளையை மாற்றுகிறதா, அல்லது பிள்ளை அப்படித்தான் வந்து சேர்கிறதா? சூழலியலைப் பாடமாகத் தெரிவு செய்யும் மாணவர் ஏற்கனவே மரத்தை நேசிப்பவராக இருக்கலாம். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொபர்ட் பிராங்க் என்ற பொருளியலாளரும் இரு சகாக்களும் 1993ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்று இதே முடிச்சை வேறு விதமாக அவிழ்க்கப் பார்த்தது. பிறரோடு ஒத்துழைத்தால் எல்லோருக்கும் நன்மை, ஏமாற்றினால் தனக்கு மாத்திரம் அதிக நன்மை என்ற ஒரு விளையாட்டில் பொருளியல் மாணவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக ஏமாற்றினார்கள். மனிதன் தன்னலத்தாலேயே இயங்குகிறான் என்று ஒரு பாடம் மீண்டும் மீண்டும் சொல்லுமானால், கேட்கும் பிள்ளையிடம் அது சிறிதேனும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்குமா என்பது அவர்கள் எழுப்பிய ஐயம். அம்மாணவர்கள் பிறவியிலேயே அப்படியானவர்களோ என்று மறுத்தவர்களும் இருக்கிறார்கள், வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனாலும் ஓர் உண்மையை இது காட்டுகிறது. ‘சூழல்’ என்று பெயர் வைத்த ஒரு பாடத்தில் பிள்ளை கற்பதை, பெயர் வைக்காத ஒன்பது பாடங்கள் மெதுவாக அழித்து விடலாம்.

பாடத்தை விடுங்கள், கெண்டீனுக்கு வாருங்கள். எனது அபிப்பிராயத்தில் பிள்ளையின் கையை மாற்றுவது அங்கேதான் நடக்கிறது.

பிரித்தானியாவின் கார்டிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பூட்டிங்காவும், அவரோடு சேர்ந்து விட்டேக்கர் என்பவரும் 2018ஆம் ஆண்டு ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். பல்கலைக்கழகங்களிலும் வேலைத்தலங்களிலுமாக 12 இடங்களில் கோப்பிக் கடைகளை எடுத்துக்கொண்டார்கள். குடித்துவிட்டு வீசும் காகிதக் கப்புக்குப் பதிலாக, கழுவிக் கழுவிப் பாவிக்கும் கப்பை மக்களைக் கொண்டு வரச் செய்வது எப்படி என்பது கேள்வி. சில இடங்களில் அறிவுறுத்தல் பலகை வைத்தார்கள். சில இடங்களில் கழுவும் கப்பை விற்றார்கள் அல்லது இலவசமாகக் கொடுத்தார்கள். சில இடங்களில், சொந்தக் கப் கொண்டு வந்தால் விலை குறைத்தார்கள். இன்னும் சில இடங்களில் வீசும் கப்புக்குத் தனியாகக் கட்டணம் அறவிட்டார்கள். விலை குறைத்ததில் ஒரு பலனும் இல்லை! கட்டணம் அறவிட்டபோதோ சொந்தக் கப் கொண்டு வருவோர் அதிகரித்தார்கள். இரண்டிலும் காசு ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் கிடைக்க இருக்கும் சலுகையை விட, கையிலிருந்து போகும் சில்லறையே மனிதனைச் சுடுகிறது. அறிவுறுத்தல் பலகைக்கும் ஓரளவு பலன் இருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தபோது பலனும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடியது. (2025 நவம்பர் முதலாந் திகதி தொடக்கம் நமது நாட்டுக் கடைகளில் பொலித்தீன் பை இலவசமாகக் கொடுக்கக்கூடாது என்று வந்த விதியும் இதே மனக்கணக்கில் வந்ததுதான். அன்றுவரை பனையோலைப் பையை மறந்திருந்த எத்தனை பேருக்கு அது நினைவுக்கு வந்தது!)

வொஷிங்டனிலுள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் செய்யப்பட்ட இன்னோர் ஆய்வு 2012இல் வெளிவந்தது. மாணவர் சாப்பாட்டு மண்டபத்தில் பீங்கான்களை வைத்து ஏந்திச் செல்லும் தட்டங்களை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். தட்டம் இருந்தால் நான்கு பீங்கான்களில் அள்ளலாம், இல்லாவிட்டால் இரண்டு கைகளுக்கு அடங்குவதை மாத்திரமே எடுக்கலாம். வீணாகும் உணவு நூற்றுக்கு 32 வீதத்தால் குறைந்தது. கழுவ வேண்டிய பாத்திரங்கள் 27 வீதத்தால் குறைந்தன. வீண்விரயம் கூடாது என்று அந்த மாணவர்களுக்கு ஒரு விரிவுரை வைத்திருந்தால் இந்த அளவு பலன் வந்திருக்குமா? நானும் விரிவுரை செய்பவன்தான், எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

ஆசிரிய கலாசாலையில் படித்தவர்கள் ‘மறைகலைத்திட்டம்’ என்ற சொல்லை அறிவார்கள். பாடவிதானத்தில் எழுதப்படாத, ஆனால் கட்டிடமும் பழக்கமும் அதிகாரியும் நாள்தோறும் கற்பிக்கின்ற பாடம். காலையில் விரிவுரை மண்டபத்தில் பிளாஸ்டிக்கின் தீங்கைக் கேட்ட மாணவன் மதியம் லன்ச் ஷீட்டில் சுற்றிய சோற்றுப் பார்சலை அவிழ்க்கிறான் என்றால் அவன் கற்ற பாடம் எது? லன்ச் ஷீட் தயாரிப்பும் விற்பனையும் நமது நாட்டில் 2017 செப்டம்பர் முதலாந் திகதி தடை செய்யப்பட்டன. மெல்லிய பொலித்தீனுக்கு அதற்கு முன்னர் 2007இலேயே தடை வந்தது. சட்டப் பீடம் உள்ள ஒரு வளாகத்தின் கெண்டீனில் தடை செய்யப்பட்ட தாள் சாப்பாட்டு மேசைக்கு வருமானால், ‘சட்டம் என்பது பரீட்சைக்கு’ என்பதையும் பிள்ளை சேர்த்தே படித்து விடுகிறது.

இதெல்லாம் ஏதோ தாளும் கப்பும் பற்றிய சின்ன விடயம் என்று நினைப்போருக்காக நமது கிழக்குக் கரையையே உதாரணம் காட்ட விரும்புகிறேன். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதே ஊரில் 2013ஆம் ஆண்டு ஒரு துறைமுகம் திறந்து வைக்கப்பட்டது. கடல் அலை மணலைக் கரையோரமாகத் தள்ளிக்கொண்டு போகிறது. நடுவில் கல்லைப் போட்டு அணை கட்டினால் மணல் ஒருபக்கத்தில் தேங்கும், மறுபக்கத்தைக் கடல் தின்னும். இது கரையோரப் பொறியியலின் அரிச்சுவடி. அதுவே நடந்தது. துறைமுக வாயிலை மணல் மூடியது. மீன்பிடிப் படகுகள் போய்வர முடியாமல் தவித்தன. ஒலுவிலிலிருந்து நிந்தவூர்ப் பக்கமாகத் தென்னந்தோப்புகளும் காணிகளும் கடலுக்குள் போயின. தோணி இழுக்கிற ஒரு கிழவர் இத்துறைமுகத்தைத் திட்டமிடவில்லை. திட்டம், வரைபடம், மதிப்பீடு, அனுமதி ஆகிய எல்லாக் கட்டங்களிலும் பட்டம் பெற்றவர்களே இருந்தார்கள்.

அங்கிருந்து வெகுதூரம் போகத் தேவையில்லை, பள்ளக்காடு இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களின் குப்பையெல்லாம் அங்கேதான் கொட்டப்பட்டு வந்தது. பசித்த காட்டு யானைகள் வந்து, உணவு வாசமடிக்கும் பொலித்தீனைச் சேர்த்து விழுங்கின. எட்டு வருட காலத்தில் 20 யானைகளளவில் இறந்து போனதாக 2022 ஜனவரியில் உலகச் செய்தி நிறுவனங்கள் படத்தோடு வெளியிட்டன. நமது வீட்டு விசேஷங்களின் பைகளும் அந்தக் குவியலில் இருந்திருக்கும். கொழும்புப் பக்கத்தில் மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்தது 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று. அங்கே 30க்கும் மேற்பட்ட மனிதர்கள் புதைந்து போனார்கள்.

யானை என்றதும் இன்னொரு விடயம் ஞாபகம் வருகிறது. நமது நாட்டைச் சேர்ந்த நீதியரசர் கிறிஸ்டோபர் வீரமந்திரி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் இருந்தபோது, தன்யூப் நதியில் அணை கட்டுவது சம்பந்தமாக ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் இடையிலான வழக்கில் 1997ஆம் ஆண்டு தனியாக ஓர் அபிப்பிராயம் எழுதினார். நிலைபேறான அபிவிருத்தி நேற்று ஐரோப்பாவில் பிறந்த கருத்தல்ல என்று காட்டுவதற்கு அவர் எடுத்துக்கொண்ட சான்றுகளுள் முதன்மையானது இலங்கையின் குளங்கள். பெருங்குளத்துக்கு வண்டல் போகாமல் மேலே தடுத்து நிறுத்துவதற்கென்று கட்டிய சிறு குளத்தையும், ஊருக்கு மேலே காட்டுக்குள் வனவிலங்குகள் நீர் அருந்துவதற்கென்றே கட்டிய குளத்தையும் அவர் அதில் விவரித்தார். அதே அபிப்பிராயத்தில், நிலத்தை மனிதனின் முழு உடைமையாகக் கருதாது அமானிதமாகக் கருதுகின்ற இஸ்லாமியச் சட்ட நோக்கையும் எடுத்துக் காட்டினார். விலங்குக்கென்று குளம் கட்டியவர்களின் நாட்டில் விலங்குக்குக் குப்பை மேடு கிடைத்திருக்கிறது. நமது பல்கலைக்கழகங்களில் எத்தனை மாணவர்கள் இந்த அபிப்பிராயத்தைப் பாடமாகவேனும் வாசிக்கிறார்கள்? மேல்நாட்டுப் பாடநூலின் பனிக்கரடியை அறிந்த பிள்ளைக்கு, தனது ஊர்க் குளத்தின் வால்கட்டு எங்கே இருக்கிறது என்று தெரிவதில்லை.

இவ்வளவும் எழுதியதை வைத்துக்கொண்டு, பல்கலைக்கழகப் படிப்பால் பயனில்லை என்று யாரும் முடிவுகட்டி விடக்கூடாது. அறிவு இல்லாத ஆர்வம் எவ்வளவு நாசம் செய்யும் என்பதை 2021ஆம் ஆண்டு நாம் கண்ணால் கண்டோம். இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே இரவில் என்பதுபோல் நிறுத்தப்பட்டது. சேதனப் பசளைக்கு நாடு முழுவதும் உடனே மாற வேண்டும் என்றார்கள். கேட்பதற்கு மிகவும் நிலைபேறான வார்த்தைதான்! விவசாய பீடங்களின் பேராசிரியர்கள், இப்படித் திடீரென்று மாற முடியாது, மண்ணுக்குத் தேவையான நைதரசனுக்கு எங்கே போவது என்று எச்சரித்தார்கள். காது கொடுக்கப்படவில்லை. அம்பாறை வயல்களில் பயிர் மஞ்சளித்து நின்றதை அந்தப் போகத்தில் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே வருடம் நவம்பரில் அந்தத் தடை கைவிடப்பட்டது, ஆனால் கமக்காரரின் நட்டம் அவரோடேயே நின்றுவிட்டது. பசுமையான சொல் எல்லாம் பசுமையான செயல் அல்ல என்று பிரித்தறியும் கண்ணைப் பல்கலைக்கழகம் கொடுக்க வேண்டும். கொடுக்கவும் முடியும். அன்று எச்சரித்தவர்கள் அங்கிருந்துதான் வந்தார்கள்.

பல்கலைக்கழகங்கள் தாமாகவே வாக்குறுதி கொடுத்ததும் உண்டு. 1990ஆம் ஆண்டு பிரான்ஸின் தலுவார் என்ற ஊரில் 22 பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடி ஒரு பிரகடனம் செய்தார்கள். பின்னர் நூற்றுக்கணக்கான பல்கலைக்கழகங்கள் அதில் ஒப்பமிட்டன. பிரகடனம் என்றால் கையொப்பம் வைப்பது சுலபம். அதைவிட எனக்குப் பிடித்தது அயர்லாந்தின் கோர்க் பல்கலைக்கழகக் கல்லூரியின் கதை. மாணவர்கள் முன்னின்று, குப்பை, மின்சாரம், தண்ணீர் என்று ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்து, ஊழியரையும் நிருவாகத்தையும் தம்மோடு சேர்த்துக்கொண்டு வேலை செய்தார்கள். பாடசாலைகளுக்கு வழங்கப்பட்டு வந்த பச்சைக் கொடி விருதை 2010ஆம் ஆண்டு உலகிலேயே முதன்முதலாகப் பெற்ற பல்கலைக்கழகம் அதுதான். அங்கே திபிலிசி மாநாடு சொன்ன ஐந்தாவது நோக்கத்தில் தொடங்கி முதலாவதுக்கு வந்தார்கள் என்று சொல்லலாம். செய்யத் தொடங்கிய பிறகு அறிவு தேவைப்பட்டது, தேடிக்கொண்டார்கள்.

அது போன்ற ஒரு கற்கையின் பலனை அண்மையில் ஒரு கல்யாண வீட்டிலும் கண்டேன். மணமகளின் தங்கை பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறாள். அவர்களது விரிவுரையாளர் ஒரு தவணையில், விடுதிக் கெண்டீனின் குப்பையை ஒரு வாரம் கையுறை போட்டுக் கொட்டிப் பிரித்துத் தராசில் நிறுக்க வைத்திருக்கிறார். முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதவர்களும் இருந்தார்களாம். அதன் பிறகு குப்பையைப் பார்த்தால் அவளுக்கு எண்ணிக்கை தோன்றுகிறது.

வலீமாவுக்கு 600 பேர். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் ஆளுக்கொரு சாப்பாடு கொடுப்பதென்று வாப்பா ஓர்டர் கொடுக்கப் போகிறார். மகள் காகிதமும் பேனையும் எடுத்து வந்து உட்கார்ந்தாள். பெட்டி 600, கரண்டி 600, வட்டிலப்பம் போடும் சின்னக் கப் 600, தண்ணீர்ப் போத்தல் 600. ஆக 2,400. “சஹன் வெச்சா ஆறு பேருக்கு ஒண்டு, நூறு சஹன் போதும் வாப்பா. வாடகைக்கு எடுக்கலாம்.”

“சனம் என்ன சொல்லும் மகள்? பெரிய ஆக்களெல்லாம் வாற எடம். ஒண்டா இரிந்து சாப்பிடுற காலம் போயிட்டு.”

“சனம் சாப்பிட்டுட்டுத்தான் சொல்லும். கழுவுறதுக்கு நாலு பொம்புளைகளுக்குக் கூலி குடுப்பம், அந்தக் காசு பெட்டிக் கடைக்காரனுக்குப் போறத விட அவங்களுக்குப் போகட்டும்.”

மாமாமார் இருவர் நடுவில் புகுந்தார்கள், பேச்சு இரண்டு நாள் நீடித்தது. கடைசியில் சஹன்தான் வந்தது. நானும் ஐந்து பேரோடு ஒரு சஹனில் உட்கார்ந்தேன். ஒவ்வொருவரும் தன் பக்கத்தைச் சாப்பிட்டார்கள். மிஞ்சியது நடுவிலே ஒரு கைப்பிடி மாத்திரம். மறுநாள் காலை பிரதேச சபையின் குப்பை உழவு இயந்திரம் அந்த வாசலில் வந்து நின்றபோது மிச்சச் சோற்றை மாட்டுக்காரர் முன்னமே எடுத்துப் போயிருந்தார். ஏற்றுவதற்கு இரண்டு சாக்குகள்தான் இருந்தன. இரண்டிலும் இருந்தவை தண்ணீர்ப் போத்தல்கள். அந்த ஒரு வாதத்தில் மகள் தோற்றுப் போயிருந்தாள்.